அஸர் மூன்று முப்பத்தொன்று

பக்கத்து ஊர்க்காரர்களின் இணையதளத்தை யாரோ உடைத்து உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் திறந்து பார்த்தால் முதல் பக்கத்தில் மண்டையோட்டுப் படம் இருந்ததாம். கீழே ஏதோ புரியாத பாஷையில் இரண்டு வரி. மன்னார்குடி பஸ்ஸில் உட்கார்ந்து வரும்போதெல்லாம் அந்த மண்டையோடு எங்கள் தளத்திலும் வந்து உட்கார்ந்திருக்கும் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன். கடையைத் திறந்து, கம்ப்யூட்டர் உயிர் பெற்று, பக்கம் முழுதாக விரிகிற வரைக்கும் மூச்சு சரியாக வராது.

எங்கள் தளம் என்று சொல்கிறேனே தவிர, ஊர் என்னுடையது அல்ல. கூத்தாநல்லூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் வயலுக்குள் கிடக்கிற ஒரு கிராமம் எனக்கு. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆங்கிலப் பாடத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்களோ என்ற பயத்தில் முதலில் வயிற்றுவலி வந்தது. பிறகு ஆங்கிலம் இல்லாத நாளிலும் வந்தது. பிறகு நான் போகவே இல்லை. கூத்தாநல்லூர் கடைத்தெருவில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பூத்து பிரவுசிங் சென்டராக மாறியபோது நானும் அதோடு சேர்ந்து மாறினேன். முதலாளி துபாயில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். எல்லோரையும்போல நானும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவேன்.

வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருக்கும் ஊர் அது. ஒரு மௌத்து விழுந்தால், அதாவது ஒரு சாவு நடந்தால், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அந்தச் சத்தம் ஆற்றுப்பாலம் வரைக்கும் கேட்கும். துபாய்க்கும் கோலாலம்பூருக்கும் கேட்காது. அதற்காகத்தான் அந்தத் தளம். ரியாத்தில் இருந்த ஊர்க்கார இன்ஜினியர் ஒருவர் அதைச் செய்து, வேலை கூடிப்போனதும் எங்கள் கடையிடம் ஒப்படைத்துவிட்டார். ஒலிபெருக்கியில் சொன்ன பத்து நிமிஷத்துக்குள் நான் அதைத் தளத்தில் போட வேண்டும். இன்னார் மகன், இன்ன தெரு, எந்தத் தொழுகைக்குப் பின் அடக்கம். தொழுகையின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் அன்றைக்கு அது எத்தனை மணிக்கு என்பதைத் தளமே கணக்குப் போட்டுப் பக்கத்தில் காட்டிவிடும். சூரியனை வைத்துப் போடுகிற கணக்கு. யாரோ ஒரு புண்ணியவான் எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்திருந்த சின்ன நிரல்தொகுப்பு, பேக்கேஜ் என்பார்கள். அதுபோல மொத்தம் பதினோரு பேக்கேஜ்கள் எங்கள் சர்வரில் இருந்தன.

சர்வர் அமெரிக்காவில் எங்கேயோ இருந்தது. அதை நான் பார்த்ததில்லை. என் பக்கம் ஒரு கறுப்புத் திரை, அதில் கண் சிமிட்டுகிற ஒரு கட்டம், அவ்வளவுதான். மவுஸை வைத்துச் சொடுக்க ஒன்றும் கிடையாது. கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டும். தளம் பைத்தான் மொழியில் எழுதியது. அதன் பேக்கேஜ்களைப் போட, எடுக்க, புதுப்பிக்க பிப் என்று ஒரு கட்டளை. இன்ஜினியர் போனில் சொல்லச் சொல்ல ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன். எங்கே இடைவெளி விட வேண்டுமோ அங்கே சிவப்பு மையில் ஒரு சின்னக் கட்டம் போட்டிருப்பேன். அர்த்தம் தெரியாது, வடிவம் தெரியும். வரி எந்த எழுத்தில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று பார்த்தே நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவேன். நோட்டில் இல்லாத எதையும் தட்டமாட்டேன் என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன்.

மண்டையோட்டுக்குப் பிறகு ரியாத் இன்ஜினியருக்குப் போன் போட்டேன். அவர் அவசரத்தில் இருந்தார். "பழசா கெடந்தா உள்ள பூந்துருவானுங்க தம்பி. எல்லாத்தையும் அப்டேட் பண்ணி வுட்டுருங்க. கமாண்டுதான் உங்க நோட்டுல இருக்குல்ல?" என்றார். இருந்தது. பன்னிரண்டாம் பக்கம்.

அன்று மதியம் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு பேக்கேஜாகப் புதுப்பித்தேன். ஒன்று முடிந்ததும் தளத்தைத் திறந்து பார்ப்பேன், பிறகு அடுத்தது. சில சமயம் வரிகள் மழைபோல இறங்கும். அப்போது விரலைக்கூட அசைக்காமல் உட்கார்ந்திருப்பேன், ஏதோ நான் அசைந்தால் அமெரிக்காவில் ஒன்று கீழே விழுந்துவிடும் என்பதுபோல. ஒன்பதாவதுதான் தொழுகை நேரம் பார்க்கிற பேக்கேஜ். அதுவும் ஒழுங்காக ஏறியது. கடைசி வரி எப்போதும் வருகிற வடிவத்தில்தான் வந்தது. பதினொன்றும் முடிந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தளம் திறந்தது, படம் வந்தது, எழுத்து வந்தது. தொழுகை நேரப் பக்கத்தையும் பார்த்தேன். ஐந்து நேரமும் வரிசையாக இருந்தன. அஸர் 3.31 என்று இருந்தது. படித்துவிட்டு மூடினேன்.

எட்டு வருஷமாக அந்தக் கடைத்தெருவில் இருந்தவன் நான். மாலையில் பள்ளிவாசலில் தொழுகைக்கு பாங்கு சொல்கிற சத்தம் கேட்டதும்தான் எங்கள் கடைக்கு டீ வரும். நாலரை மணி டீ. அந்தச் சத்தத்துக்குப் பெயர்தான் அஸர் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்த மூன்று நாளும் ஊரில் மௌத்து இல்லை. ஊருக்குள் இருப்பவர்கள் நேரம் பார்க்கத் தளத்துக்கு வரமாட்டார்கள், பள்ளிவாசல் பலகையைத்தான் பார்ப்பார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்த்தாலும் வளைகுடாப் பக்கமெல்லாம் அஸர் மூன்றரை வாக்கில்தானாம், வித்தியாசமாகத் தெரிந்திருக்காது. மண்டையோடு வரவில்லை என்ற சந்தோஷத்தில் நான் இரண்டு நாள் நன்றாகத் தூங்கக்கூடச் செய்தேன்.

நாலாம் நாள் விடியற்காலையில் பாய் போன் செய்தார். பெரிய கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர் ராத்திரித் தொழுகை முடித்து வந்து படுத்தவர், விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு எழுந்திருக்கவில்லை. அஸருக்கு அடக்கம். முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடி வந்து கடையைத் திறந்து செய்தியைப் போட்டேன். ஒன்றுக்கு மூன்று முறை எழுத்துப்பிழை பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் செய்திக்குக் கீழே இரங்கல்கள் வரத் தொடங்கின. ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் இது வந்தது:

"நான் அவருடைய மூத்த மகன். கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். மூன்று முப்பத்தொன்றுக்குள் என்னால் வந்து சேர முடியாது. எனக்காக மையத்தைக் காக்க வைக்க வேண்டாம், நேரத்துக்கு உடலை அடக்கம் செய்துவிடுங்கள். அத்தாவுக்காக எல்லோரும் துஆ செய்யுங்கள்."

நான் அதை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தபோது பாய் உள்ளே வந்தார். திரையைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"இதென்ன மூணு முப்பத்தொண்ணு?"

"அஸர் பாய்."

"அஸர் மூணு முப்பத்தொண்ணுன்னு உனக்கு யார்றா சொன்னது?"

"சைட்டு சொல்லுது பாய்."

"சைட்டு சொல்லுதா? ஏண்டா, தெனம் நாலரைக்கு பாங்கு சொல்றப்ப டீ கிளாஸோட வாசல்ல நிக்கிறியே, உன் காதுல என்ன பஞ்சா? நாலே முக்காலுக்குடா ஜமாஅத்துத் தொழுகை! நாம ஹனஃபி வழி. ஒரு குச்சியோட நெழல் அது ஒசரத்துக்கு ரெண்டு மடங்கு ஆனப்புறம்தான் நமக்கு அஸர். இது ஷாஃபிக்காரங்க நேரம். அவங்களுக்கு ஒரு மடங்கு."

அஸருக்கு இரண்டு நேரம் உண்டு என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். பழைய பேக்கேஜில் எங்கள் ஊர் வழக்கத்தை இன்ஜினியர் சொல்லி வைத்திருந்திருக்கிறார். புதியதில் அதைச் சொல்லுகிற விதம் மாறிவிட்டது. பழைய விதத்தில் சொன்னது அதன் காதில் விழவில்லை. விழவில்லை என்றும் அது சொல்லவில்லை. பேசாமல் மற்ற நேரத்தைக் காட்டிவிட்டது. இதெல்லாம் பிற்பாடு ரியாத்துக்காரர் விளக்கியது. அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் நாலு நாளைக்கு முன்னால் நான் தட்டிய ஒன்பதாவது வரிதான். 

"கோலாலம்பூர்லேருந்து அவங்க நேரத்துக்கு மத்தியானம் ஒரு பிளைட்டு இருக்கு. ரெண்டு மணி வாக்குல திருச்சியில எறக்கிடுவான்," என்றார் பாய். "கார் புடிச்சா நாலே முக்காலுக்கு வந்துருவாருடா. பெத்த அத்தா மொகத்த பாக்க வேணாமா? நான் மையத்து வீட்டுக்குப் போயி அவரு நம்பர வாங்குறேன். நீ மொதல்ல அந்த நேரத்த மாத்து."

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நேரத்தை மாற்று என்றால் இன்னொருவன் என்ன செய்திருப்பான்? செய்தியைத் திறந்து 'மாலை 4.45' என்று கையால் எழுதிவிட்டு எழுந்திருப்பான். நான் கறுப்புத் திரையைத் திறந்தேன். தப்பு எங்கே நடந்ததோ அங்கேயே போய் அதை இல்லாமல் ஆக்கிவிட வேண்டும், யாரும் பார்ப்பதற்கு முன்னால். மனம் அந்த ஒரு திக்கிலேயே ஓடியது. பழைய பேக்கேஜைத் திரும்பப் போடுகிற கட்டளை நோட்டில் இருந்தது. அதில் பழையதன் பதிப்பு எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த எண் என்னிடம் இல்லை. புதுப்பிக்கும் முன்னால் பட்டியல் எடுத்துப் பார்த்தேன், ஆனால் நோட்டில் எழுதவில்லை. நான் தட்டுவதை எல்லாம் எழுதி வைத்திருந்தேன். அது பதிலுக்குச் சொன்னதில் ஒன்றையும் எழுதியதில்லை.

ஒன்று புள்ளி இரண்டு என்று தட்டினேன். அப்படி ஒன்று இல்லை என்று ஒரு சிவப்பு வரி. ஒன்று புள்ளி ஒன்று. இருந்தது. மழைபோல வரிகள். பக்கத்தைத் திறந்தேன். வெள்ளையாக இருந்தது. செய்தி இல்லை, இரங்கல் இல்லை, ஒன்றுமே இல்லை. நடுவில் இரண்டு வரி ஆங்கிலம்.

அப்போது பாய் போன் செய்தார்.

"நம்பர எழுதிக்கடா."

"பாய், சைட்டு படுத்துடுச்சு பாய்."

"மையத்து வீட்டு வாசல்ல நிக்கிறேன், இவன் சைட்டு படுத்துடுச்சுங்கிறான். இங்க ஒரு மனுஷன் படுத்துட்டாருடா. நம்பர எழுது."

எழுதினேன். "போட்டு நேரத்தச் சொல்லு. என் போன்லேருந்து வெளிநாட்டுக்குப் பேச முடியாது," என்று வைத்துவிட்டார். அப்போதாவது நான் போனை எடுத்திருக்கலாம். பக்கம் வெள்ளையாக இருக்கும்போது என்னால் வேறு ஒன்றையும் செய்ய முடியவில்லை. அந்த மகன் இந்த நேரத்தில் தளத்தைத் திறந்து பார்த்தால் என்ன நினைப்பார் என்று தோன்றியது. அதனால் புதிய பேக்கேஜையே மறுபடி ஏற்றினேன். பக்கம் திரும்பி வந்தது. 3.31-ம் திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் புத்தி வந்து, செய்தியைத் திறந்து, நேரத்தைக் கையால் எழுதினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பத்தைந்து நிமிஷம் போயிருந்தது.

போன் போட்டால் பேச்சில் இருந்தது. மறுபடி போட்டேன். பேச்சில் இருந்தது. ஊரே அவருக்குத் துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தது. ஆறாவது தடவை எடுத்தார்.

"அண்ணே, கூத்தாநல்லூர் பிரவுசிங் சென்டர்லேருந்து பேசுறேன்."

"தெரியும் தம்பி. அத்தா விஷயந்தானே. சொல்லிட்டாங்க."

"அதில்லண்ணே. அஸர் நாலே முக்காலுக்கு. மூணு முப்பத்தொண்ணு இல்ல. சைட்டுல தப்பா போட்டுட்டோம்." பாயையும் சேர்த்து இழுத்துவிட்டேன்.

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. 

"நம்ம பள்ளிவாசல்லதானே?"

"ஆமாண்ணே. பெரிய பள்ளியிலதான்."

"புதுப்பள்ளியில முன்னேரமா தொழுவாங்க. நம்மளும் அப்படி மாத்திக்கிட்டோம்போலன்னு நெனச்சேன்." யாரிடமோ மணி கேட்டுக்கொண்டார். "சரி தம்பி. சீட்டு இருக்கான்னு பாக்குறேன்."

"கண்டிப்பா பாருங்கண்ணே. இப்பவே கெளம்புனா புடிச்சிரலாம்."

"பாக்குறேன்னேன்ல."

குரல் கட்டையாக இருந்தது. துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

சீட்டுக் கிடைத்துவிட்டது என்று பத்து மணிக்குப் பாய் வந்து சொன்னார். எனக்கு அதில் பாதிதான் நிம்மதி. விமானம் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும், திருச்சியில் பெட்டிக்காக நிற்காமல் வெளியே வர வேண்டும், தஞ்சாவூரில் மாட்டாமல் வர வேண்டும். அறுவடைக் காலம் வேறு. ரோட்டில் பாதிக்கு நெல் காயும், மீதிப் பாதியில் அறுப்பு மிஷின் ஊர்ந்துகொண்டிருக்கும். எல்லாவற்றையும் தாண்டினாலும் நீடாமங்கலம் ரயில்வே கேட் இருக்கிறது. அந்த கேட்டை நினைத்தபோதெல்லாம் எனக்குப் பழைய வயிற்றுவலி வந்தது. யாராவது பிரிண்ட் கேட்டால் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

நாலரைக்கு பாங்கு சொன்னார்கள். டீ வந்தது. குடிக்காமல் கடையைச் சாத்திவிட்டுப் பள்ளிவாசல் தெருமுனையில் போய் நின்றேன். தொழுகை முடிந்தது. முற்றத்தில் மையத்துக்கான ஜனாஸா தொழுகையும் முடிந்தது. பாய் வெளியே வந்து போனைக் காதில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

"நீடாமங்கலம் கேட்டுல நிக்குதாம்டா."

"கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லுங்க பாய். ஒரு இருவது நிமிஷம்."

"சொல்லிப் பாத்துட்டேன். மகனே காக்க வைக்காதீங்கன்னு எழுதிப்புட்டானே, அப்புறம் நாம எப்படி வைக்கிறதுங்கிறாங்க."

பெரியவரின் முகத்தை மூடிக் கட்டியாகிவிட்டது. சந்தாக்குப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மையவாடி என்கிற இடுகாட்டுப் பக்கம் திரும்பியபோதுதான் கார் வந்தது. மகன் வேட்டி சட்டையில் இல்லை, பேண்ட்டுதான். ஐம்பது வயதிருக்கும். இறங்கி ஓடி வந்தார். யாரோ விலகி இடம் கொடுத்தார்கள். தோளைக் கொடுத்தார். மையவாடியில் மண் தள்ளும்போது நான் சுவருக்கு வெளியே மற்றவர்களோடு நின்றிருந்தேன். அவர் தலை மட்டும் தெரிந்தது. முகம் பார்க்காமல் போனாரே, பார்க்காமல் போனாரே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து நிமிஷம் முன்னால் சொல்லியிருந்தால் இன்னும் சீக்கிரம் ஒரு விமானம் இருந்திருக்குமோ? பாயிடம் கேட்டேன். "இருந்திருக்காதுடா, ஒரு பிளைட்டுதான்," என்றார். நான் நம்பவில்லை. மறுநாள் இன்டர்நெட்டில் தேடிப் பார்த்தேன். இல்லைதான். அப்போதும் மனம் ஆறவில்லை.

மூன்றாம் நாள் காரியம் முடிந்த பிற்பகல் அந்த மகன் கடைக்கு வந்தார். கோலாலம்பூருக்குத் திரும்புகிற டிக்கெட்டைப் பிரிண்ட் எடுக்க வேண்டும். பாய் எங்கேயோ வெளியில் போயிருந்தார். பிரிண்டர் சூடேறுகிற வரைக்கும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து என் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லாவிட்டால் எனக்கு ராத்தூக்கம் போய்விடும் என்று தெரியும்.

"அண்ணே, அந்த நேரம் தப்பா வந்துச்சுல்ல. அது நான் பண்ணுனதுண்ணே. பாய்க்கு ஒண்ணும் தெரியாது. எல்லாத்தையும் புதுசாக்குறேன்னு நான்தான் மாத்திப்புட்டேன். போனும் லேட்டாத்தான் போட்டேன். நீங்க மொகத்தப் பாக்காமப் போனது என்னாலதான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"நாலு வருஷமா அத்தாகிட்ட எனக்குப் பேச்சு கெடையாது தம்பி. தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"ஊருக்கு வந்து கடையப் பாருன்னாரு. மாட்டேன்னேன். அதோட சரி." தாடையைச் சொறிந்துகொண்டார். "அன்னைக்கு சைட்டுல மூணு முப்பத்தொண்ணுன்னு பாத்தேன்ல, பாத்ததும் நெஞ்சுக்குள்ள அப்பாடான்னு இருந்துச்சு. போக முடியாது. நம்ம தப்பு இல்ல. ஒடனே ஒக்காந்து எழுதிப்புட்டேன். அப்புறம் நீங்க போன் பண்ணி நாலே முக்கால்ங்கிறீங்க. எனக்கு வந்த கோவத்துக்கு..." என்று நிறுத்திக்கொண்டார்.

பிரிண்டர் ஓடத் தொடங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேட்டுல நின்னமுல்ல. டிரைவர் சொன்னாரு, சுத்தி ஒரு ரோடு இருக்கு, திருப்பிக்கட்டுமா, அஞ்சுக்குள்ள போயிரலாம்னு. நான்தான் வேணாம், ரயில் வந்துரும் இருங்கன்னேன்."

 பரவாயில்லை என்று சொல்ல நான் யார்? தாளை எடுத்து நீட்டினேன். அவர் தேதியையும் நேரத்தையும் சரிபார்த்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"வீட்டுல யாருக்கும் தெரியாது," என்றார். "நீங்க உங்க தப்பச் சொன்னீங்க, அதான் நானும் சொல்லிட்டேன். மனசுல போட்டுக்காதீங்க."

அவர் படி இறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் பாய் வந்தார்.

"அவரு வந்தாராமே. என்னடா சொன்னாரு? கோவமா இருந்தாரா?"

"இல்ல பாய். டிக்கெட்டு பிரிண்ட் எடுத்துட்டுப் போனாரு."

"அந்த கேட்டு மட்டும் தொறந்திருந்தா மொகத்தப் பாத்திருப்பாரு, பாவம்," என்றார் பாய்.

"ஆமா பாய்," என்றேன்.